ஒன்பது குச்சிகள்

"இருபத்து மூணு செகண்ட். போன தடவைய விட ரெண்டு செகண்ட் கம்மி அங்கிள்," என்று இளமதி ஸ்டாப்வாட்சை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

மேசைமேல் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. அதன் ஒரு பக்கம் சட்னிக் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். அந்தக் குழியில் ஒன்பது குச்சிகள், மறுபக்கம் ஒன்பது ஓட்டைகள். குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டைகளில் நட்டு, மறுபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குழியில் போட வேண்டும். ஒரே கையால். வலது கைக்கு இரண்டு முறை, இடது கைக்கு இரண்டு முறை. பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டுப் போல இருக்கும். என் மூளைக்குள் நடப்பது விரல் நுனி வரைக்கும் வந்துவிட்டதா என்று பார்க்கிற சோதனை அது.

வந்துதான் இருந்தது. வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் பத்து மாதமாக மரத்துக் கிடந்தன. சுடுதண்ணீர் பட்டால் சூடு தெரியும், கொஞ்சம் தாமதமாக. ஒரு பொருளைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்பது மட்டும் தெரியாது. இளமதிக்கு இதை நான் சொல்லவில்லை.

மார்சிலிங்கில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் இதே போல ஒரு பலகை இருந்தது. வேலையிடத்தில் மிஞ்சிய பிளைவுட் துண்டில் தச்சரிடம் சொல்லி ஒன்பது ஓட்டை போட்டுக்கொண்டேன். காப்பிக் கடையில் கொடுக்கும் சாப்ஸ்டிக்கை அளவாக நறுக்கினால் குச்சி. வேலை முடிந்து குளித்ததும் கட்டிலில் உட்கார்ந்து தினமும் நாற்பது முறை. விரலுக்குத் தெரியாததைக் கண் பார்த்துக்கொள்ளும். குச்சியை நகத்தால் நிமிர்த்தி, உணர்ச்சியுள்ள மோதிர விரலில் சாய்த்து, எந்தக் குச்சிக்கு எந்த ஓட்டை என்று வரிசையை மாற்றாமல் போட்டுப் பழகினால் நேரம் குறையும். முதலில் ஐம்பது செகண்ட் ஆனது. பிறகு நாற்பது, முப்பது. நான்காவது தடவை ஆஸ்பத்திரியில் உட்காரும்போது இருபத்து மூன்று.

சோதனை என்றால் எங்களுக்கு இப்படித்தான் தயாராகத் தெரியும். நான் முதன்முதலில் சேஃப்டி கோர்ஸ் போனபோது எனக்கு எழுத்தே தெரியாது. முந்தின வாரம் எழுதிவிட்டு வந்தவர்கள் விடைகளின் வரிசையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏ, சி, சி, பி, டி என்று நாற்பது. லாரியில் போகும்போதும் வரும்போதும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். பாஸ். கிரேனில் லோடு கட்டுகிற ரிகர் கார்டும் அப்படி, கிரேனுக்குச் சைகை காட்டுகிற சிக்னல்மேன் கார்டும் அப்படி. பரீட்சையில் கோட்டு அடித்தவன் ஊருக்குப் போவான், அடிக்காதவன் வேலைக்குப் போவான். இருபது வருடமாக எனக்குச் சோதனைக்கு வேறு அர்த்தம் கிடையாது. குச்சி நடுவதில் தோற்றால் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்குக் கடிதம் போகும், கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நோய் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். ஒரு காலை எழுந்தபோது இடது கண்ணில் எல்லாம் பழைய கண்ணாடி வழியே பார்ப்பது போல மங்கலாக இருந்தது. மூன்று வாரத்தில் தானாகச் சரியானது. அப்புறம் இடுப்பைச் சுற்றி யாரோ பெல்ட்டை இறுக்கியது போல ஒரு பிடிப்பு. அதுவும் போனது. போய்ப் போய் வந்ததால் ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையைத் தின்கின்றன, தின்ற இடமெல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் என்று விளக்கினார்கள். என்னிடம் பதினொரு புள்ளி இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு புதுப் புள்ளி வரவில்லை.

இளமதி அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை செய்கிற பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். புள்ளி எப்படிப் பிறக்கிறது, எது சுருங்குகிறது, எது அப்படியே கிடந்து வளர்கிறது என்று கண்டுபிடிக்க, சாதாரண மெஷினைவிடப் பலமான ஒரு மெஷினில் ஒரே ஆளின் தலையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்றாள். இந்த நோய் நம் ஆட்களுக்கு வருவது குறைவு, அதனால் நீங்கள் வந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டாள். யாராவது என்னை அப்படி வந்து கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

பன்னிரண்டு பக்கத்தில் தமிழிலேயே ஒரு சம்மதப் பாரம் கொடுத்தாள். முப்பத்தெட்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த எழுத்து என்னுடையது. வாசிப்பேன், மெதுவாக வாசிப்பேன். அவள் எதிரே நின்று காத்திருந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று ஓர் இடம் இருந்தது. எல்லை தாண்டி, குளுவாங் பக்கத்தில் அண்ணன் இருக்கிறார், பேச்சு வார்த்தை இல்லை. மனைவி என்று யாரும் அமையவில்லை. யோசித்து, ரமீஸ் பாயின் போன் நம்பரை எழுதினேன். அவரிடம் கேட்காமல்தான்.

ரமீஸ் எங்கள் வேலையிடத்தின் டவர் கிரேன் ஆபரேட்டர். கீழக்கரைக்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர். உட்லண்ட்ஸில் கட்டுகிற அடுக்குமாடியில் மூன்று வருடமாக அவர் மேலே, நான் கீழே. காலையில் ஏறினால் சாப்பாட்டுக்கு ஒருமுறை இறங்குவார். மற்ற நேரமெல்லாம் வாக்கி டாக்கியில் அவர் குரல்தான். "முத்தையாண்ணே, கண்ணுக்குத் தெரியல, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." "அண்ணே, காத்து அடிக்குதுலா, சீக்கிரம்." முகம் பார்த்துப் பேசியது குறைவு. ஆனால் எனக்கு அவரளவுக்குப் பேச்சு உள்ள மனிதர் இந்த ஊரில் வேறு யாரும் கிடையாது.

*

மெஷினுக்குள் போகும் முன் ஒரு பட்டியல் கேள்வி கேட்பார்கள். உடம்பில் இரும்பு உண்டா, ஆணி வைத்திருக்கிறார்களா, கிரைண்டிங் வேலை செய்திருக்கிறாயா. செய்திருக்கிறேன் என்றதும் முதல் தடவையே கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கண்ணில் இரும்புத் தூள் தங்கியிருந்தால் அந்தக் காந்தம் அதை அசைத்துவிடுமாம். எனக்கு ஒன்றும் இல்லை.

இல்ஹாம் என்கிற மலாய்த் தம்பிதான் மெஷின் ஓட்டுவார். தலையைச் சுற்றிக் கூடு ஒன்றை மாட்டி, காதில் இயர்ஃபோன் வைத்து, கையில் ரப்பர் பல்ப் ஒன்றைத் தருவார். முடியவில்லை என்றால் அதை அமுக்க வேண்டும். அதை எப்போதும் இடது கையில்தான் கேட்டு வாங்கிக்கொள்வேன். பிறகு கட்டில் உள்ளே போகும். அஸ்திவாரத்துக்குப் பைலிங் அடிப்பது போல ஒரு சத்தம், அப்புறம் டிரில் போடுவது போல ஒன்று, நடுவில் மொபைலில் சார்ஜ் தீர்ந்தது போல ஒரு சின்ன ஒலி. அரிசி அகலம் தலை அசைந்தாலும் படம் கலைந்துவிடும். நான் அசைய மாட்டேன். மூன்றாவது தடவை முடிந்ததும், இந்த ஆராய்ச்சியில் உங்கள் படம்தான் ரொம்பச் சுத்தம் என்று இல்ஹாம் சொன்னார். அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்த எழுபது நிமிடத்துக்காக நான் காத்திருந்தேன். ஒவ்வொரு சத்தம் முடிந்ததும் காதில் அந்தத் தம்பியின் குரல் வரும். ஓகேயா அங்கிள், அடுத்தது ஏழு நிமிஷம், ஓகேயா. எழுபது நிமிடத்தில் பத்துத் தடவையாவது ஒருவர் நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பார். வெளியே வந்தால் இளமதி மைலோ பாக்கெட்டில் ஸ்ட்ரா குத்திக் கொடுப்பாள். அதன் பிறகு எம்ஆர்டி ரயில் ஏறி மார்சிலிங் வந்து கதவைத் திறந்து விளக்கைப் போட்டால் மறுநாள் காலை வரை என்னிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. வீட்டுக்காரர் ஆமினா பீவி நல்லவர்தான். ஆனால் அவர் மகள் வீட்டில்தான் பாதி நாள்.

*

நான்காவது படத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நடந்தது.

காலை பத்து மணி இருக்கும். சாரத்துக்கு வேண்டிய குழாய்க் கட்டு ஒன்றை ஏழாவது மாடிக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். நான் மாடி விளிம்பில், வலது கையில் வாக்கி டாக்கி. கட்டு என் தலைக்கு மேல் வந்து இறங்குகிறது. இன்னும் இரண்டு மீட்டர், ஒரு மீட்டர். ஸ்டாப், ஸ்டாப் என்றேன். கட்டு நிற்கவில்லை. மறுபடியும் கத்தினேன். அதற்குள் கான்கிரீட் வார்க்கிற ஃபார்ம்வொர்க் பலகையின் விளிம்பில் இடித்துச் சாய்ந்தது. இரண்டு குழாய் உருவிக்கொண்டு கீழே போய் வலையில் விழுந்தன. கட்டு இடித்த இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இரண்டு பங்களாதேஷ் பையன்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள்.

கையைப் பார்த்தேன். பேசும்போது அழுத்த வேண்டிய பொத்தானுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் இருந்தது. பொத்தானின் மேல் இல்லை. நான் கத்தியது காற்றில்தான் போயிருக்கிறது.

சேஃப்டி ஆபீசர் மியன்மார்க்காரர். நல்ல மனிதர், கண்டிப்பு உண்டு. கன்டெய்னர் ஆபீசில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். ஸ்டாப் சொன்னாயா என்று என்னைக் கேட்டார். சொன்னேன் என்றேன். அது பொய்யில்லை. ரமீஸ் கேட்கவே இல்லை என்றிருக்கிறார். அதுவும் பொய்யில்லை. இரண்டு வாக்கி டாக்கியையும் போட்டுப் பார்த்தார்கள், நன்றாக வேலை செய்தன. சத்தம் வராவிட்டால் ஆபரேட்டர் தானாக நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அதனால் ரமீஸுக்கு வார்னிங் லெட்டர். இன்னொரு லெட்டர் வந்தால் கிரேன் ஏற முடியாது, இந்த ஊரில் வேலை பார்க்க அவருக்கிருக்கும் பெர்மிட் அந்தக் கிரேனோடு கட்டியது.

மறுநாள் காலை கிரேனின் ஏணி அடியில் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "முந்தாநேத்து ராத்திரி சரியாத் தூங்கல அண்ணே. ஒருவேள நான்தான் அசந்துட்டேனோ என்னமோ," என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் ஏறிப் போனார். அன்று முழுவதும் வாக்கி டாக்கியை இடது கையில் பிடித்துக்கொண்டேன். வலது விரல்களை நம்ப முடியாததால் இடது கையால் சைகையும் காட்ட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே கையால் செய்ய முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளமதி கொடுத்த பாரத்தை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். அறையில் உட்கார்ந்து வாசித்தால் பயம் அதிகமாகும் என்று தோன்றியது. ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம், ஃபேரர் பார்க் ஸ்டேஷனைத் தாண்டினால் ஒரு புல் திடல் உண்டு. ஞாயிறு மாலை அங்கே ஆயிரம் பேர் இருப்பார்கள். நியூஸ்பேப்பரை விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஊருக்கு வீடியோ கால் போடுவார்கள், பணம் அனுப்பும் கடை வரிசை எவ்வளவு நீளம் என்று சண்டை போடுவார்கள். பக்கத்தில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துத் தன் குழந்தைக்குக் கூட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு நொடி என் முகமும் அதில் வந்து போயிருக்கும். நான் பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாரத்தை முதல் வரியிலிருந்து, விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். இடது கை விரலை.

ஆறாவது பக்கத்தில் இருந்தது. இந்த ஆய்வில் பெறப்படும் எந்தத் தகவலும் உங்கள் எழுத்துபூர்வ அனுமதி இன்றி உங்கள் முதலாளிக்கோ வேறு எவருக்கோ தெரிவிக்கப்படமாட்டாது.

மூன்று தடவை வாசித்தேன். குச்சி நட்டதில் நான் தோற்றிருந்தாலும் ஒரு கடிதமும் போயிருக்காது. ஒன்பது மாதம், தினம் நாற்பது முறை. யாருக்கு எதிராக அந்தப் பழக்கம் என்று எனக்கே விளங்கவில்லை.

முதலில் பெரிய ஆறுதலாக இருந்தது. இனிமேல் யாரும் எதையும் சொல்லப்போவதில்லை. பிரியாணியைச் சாப்பிட்டேன். பாதி சாப்பிடும்போதுதான் அதன் மறுபக்கம் புரிந்தது. யாரும் சொல்லப்போவதில்லை என்றால், ரமீஸ் தான்தான் அசந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே இருப்பார். அடுத்த கட்டு இறங்கும்போது அந்தப் பையன்கள் தண்ணீர் குடிக்கப் போயிருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி சொல்லியிருந்தால் நான் ஆஸ்பத்திரியைத் திட்டிக்கொண்டு போயிருக்கலாம். இப்போது திட்ட ஆள் இல்லை.

ஆனாலும் சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரமும் சொல்லவில்லை. கூடவே வேலை செய்யும் நேப்பாளிப் பையனிடம் வாக்கி டாக்கியைக் கொடுத்து, தொண்டை கட்டியிருக்கிறது, நீ பேசு, நான் சைகை காட்டுகிறேன் என்று ஓட்டினேன்.

*

நான்காவது படம் எடுத்து ஒரு வாரம் கழித்து, டாக்டரே பார்க்க வேண்டும் என்கிறார் என்று இளமதி கூப்பிட்டாள். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல இளமதி தமிழில் சொன்னாள்.

திரையில் என் மூளை நான்கு தடவை வரிசையாக இருந்தது. சாம்பல் நிறம். வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் பழையவை, பல சுருங்கியிருந்தன. டாக்டர் ஒன்றை மட்டும் பெரிதாக்கினார். இடது பக்கம், பயறு அளவு. சாதாரணப் படத்தில் அது சும்மா வெள்ளையாகத்தான் தெரிந்தது. இந்த மெஷினில் மட்டும் எடுக்கிற இன்னொரு விதப் படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் அந்தப் புள்ளியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். நடுவில் நூல் மாதிரி ஒரு சின்ன இரத்தக் குழாய்.

வளையம் என்பது இரும்பு என்றாள் இளமதி. நரம்புறையைத் தின்கிற அணுக்கள் வேலை முடிந்தும் போகாமல் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்குள் இரும்பு சேர்ந்துவிட்டது. உள்ளே அணைந்த மாதிரி இருந்தாலும் ஓரத்தில் கனன்றுகொண்டே இருக்கிறது. முதல் படத்திலிருந்து நான்காவது படம் வரை அந்த வளையம் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றிருந்தது. டாக்டர் அளவைக் காட்டினார். மயிரளவு மயிரளவாகத்தான். ஆனால் நான்கு தடவையும் ஒரே திசையில்.

நான் இரும்புக் கயிறு சோதிக்கிறவன். வெளியே கிரீஸ் பளபளப்பாக இருக்கும் கயிற்றை வளைத்துப் பிரித்துப் பார்த்தால் நடுவில் சிவந்திருக்கும். அப்படிப்பட்ட கயிற்றை எத்தனையோ வெட்டிப் போட்டிருக்கிறேன். அதனால் எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

டாக்டர் இளமதியிடம் ஏதோ சொன்னார். அவள் முகம் மலர்ந்தது. "டாக்டருக்கு ஒரே ஆச்சரியம் அங்கிள். இந்த ஸ்பாட் வலது கைக்குப் போற வழியிலதான் இருக்கு. இவ்ளோ வளர்ந்தா கை டல் ஆயிருக்கணும். ஆனா உங்க டைமிங் பெட்டர் ஆயிட்டே போகுது. மூளை வேற வழி கண்டுபிடிச்சிருக்குன்னு நினைக்கிறாங்க. அடுத்த மாசம் ஒரு பெரிய மீட்டிங்ல உங்க படத்தக் காட்டப்போறாங்க. ஸ்லைடு நான்தான் செஞ்சேன்."

ஸ்லைடைத் திருப்பிக் காட்டினாள். மேலே நான்கு வளையம், கீழே நான்கு எண். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, இருபத்தைந்து, இருபத்து மூன்று. பெயர் இல்லை, ஏதோ நம்பர். ஆனால் அது நான். என் வாழ்க்கையில் என்னை வைத்து யாரும் எதையும் செய்து காட்டியதில்லை. பேசாமல் எழுந்து போய்விடலாம். மருந்து அப்படியே இருக்கும், ஸ்லைடு அப்படியே இருக்கும், இந்தப் பெண் எனக்கு மைலோ வாங்கித் தருவாள்.

அந்தக் குச்சிப் பலகை இங்கே இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். எடுத்து வரச் சொன்னேன். டாக்டர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடிக்கிட்டுச் செய்யறேன்," என்றேன்.

இடது கையால் செய்தேன். தடவித் தடவி, நேரம் அதிகமானாலும் ஒன்பதும் போய் உட்கார்ந்தன. வலது கையைக் குழிக்குள் விட்டேன். துழாவினேன். ஏதோ உருளும் சத்தம் கேட்டது, பிளாஸ்டிக்கின் மேல் எதுவோ விழுந்தது, மேசையிலிருந்து தரைக்கு எதுவோ போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இளமதி நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில் அவள் குரல் வேறு மாதிரி வந்தது.

"அங்கிள், கண்ணத் திறக்காதீங்க. இப்ப உங்க விரல்ல நான் குச்சி வச்சிருக்கேனா, இல்லையா?"

"இல்ல."

கண்ணைத் திறந்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குச்சி இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பிளைவுட், சாப்ஸ்டிக், நாற்பது முறை, ஏ சி சி பி. சேஃப்டி கோர்ஸ் கதை வந்தபோது இளமதி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதை டாக்டருக்குச் சொல்வதற்கு அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. பிறகு என்னிடம், "அந்த நம்பர வச்சுத்தான் மருந்த மாத்தாம விட்டாங்க அங்கிள். ஒன்பது மாசம்," என்றாள். ஸ்லைடு திறந்திருந்த மடிக்கணினியை மூடிவிட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. மருந்தை மாற்றுகிறேன் என்றார். வளையம் வளர்வதைப் புது மருந்து மெதுவாக்கலாம், நிச்சயம் இல்லை. போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம். இந்தக் கையோடு தொங்குகிற பாரத்துக்குக் கீழே நிற்கக் கூடாது, ஆளையும் நிறுத்தக் கூடாது. வேண்டுமானால் கம்பெனிக்குக் கடிதம் எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவேன் என்றார். கடிதம் பிறகு வாங்கிக்கொள்கிறேன், முதலில் நானே சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்றேன்.

*

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஏணி அடியில் நின்றேன். ரமீஸ் தண்ணீர்ப் பாட்டிலும் பையுமாக வந்தார். ஏன் அண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, லாட்டரி விழுந்திருச்சா என்றார். வாயைத் திறந்தேன். காத்து இன்னிக்கு எப்படி என்று கேட்டுவிட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஏறினார்.

நேரே கன்டெய்னர் ஆபீசுக்குப் போனேன். சேஃப்டி ஆபீசரிடம் என் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அன்றைக்குத் தப்பு ஆபரேட்டர் இல்லை, நான் என்றேன். கை, பிரெய்ன், பட்டன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு எதுவும் சேரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, உன் மொழியில் எழுது, நாம் யாரையாவது வைத்து வாசித்துக்கொள்ளலாம் என்றார். வாக்கி டாக்கியை மேசைமேல் வைக்கச் சொன்னார். அன்று நான் எதையும் தூக்கக் கூடாது.

பேனா கையில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். எழுத்து கோணல் மாணலாகப் போனது. ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் எத்தனையோ பேர் வந்து போனார்கள், ஹெல்மெட் கேட்டார்கள், குளோவ்ஸ் கேட்டார்கள். நான் தலை நிமிரவில்லை.

வேலையிடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. அதை ஆங்கிலத்தில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் அறுபது மீட்டர் மேலே இருந்தார். மதியம் இறங்கும்போது வாசிக்கட்டும், அதுவரை இங்கேயே இரு என்றார் ஆபீசர். மூன்று மணி நேரம் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். ஏர்கான் குளிரில் விரல் விறைத்திருந்தால் அதுவும் எனக்குத் தெரிந்திருக்காது.

பன்னிரண்டரைக்கு ரமீஸ் வந்தார். வியர்வை வழிய நின்றுகொண்டே தாளை வாங்கினார். என்னைப் பார்த்து ஏதாவது கம்ப்ளைன்டா என்றார். வாசிங்க பாய் என்றேன்.

முதலில் உதடு அசைய வாசித்தார். அப்புறம் உதடு அசையவில்லை. கண் கீழே போய் மறுபடி மேலே வந்தது. நான் எழுதியது பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு இந்த நோய் இருக்கிறது. என் வலது கையில் உணர்ச்சி இல்லை. அன்று நான் பொத்தானை அழுத்தவில்லை. ரமீஸுக்கு எதுவும் கேட்டிருக்காது. எனக்கு அன்றே தெரியும். கார்டு போய்விடும் என்று பயந்து சொல்லவில்லை. அவர்மேல் தப்பு இல்லை.

ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்படியே சொல்லணுமா?" என்று ரமீஸ் தமிழில் கேட்டார், தாளைப் பார்த்தபடி.

"அப்படியே சொல்லுங்க."

சொன்னார். ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி, லோடு இறக்குகிற மாதிரி. எனக்கு அன்றே தெரியும் என்ற வரியில் ஒருதரம் தொண்டையைச் செருமினார். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆபீசர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். லெட்டரை ரத்து செய்ய மேலே அனுப்புகிறேன் என்று ரமீஸிடம் சொன்னார். என்னிடம், கார்டைக் கொடு, ஆஸ்பத்திரிக் கடிதம் வரட்டும், ஸ்டோரில் ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். கார்டைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

வெளியே வெயிலில் கண் கூசியது. ரமீஸ் சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை. கேன்டீன் பக்கம் போகாமல் கிரேன் பக்கம் நடந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். ஏணி அடியில் நின்று கையுறையைப் போட்டுக்கொண்டார்.

"ஒரு மாசம் அண்ணே. பொண்டாட்டிகிட்ட நான் காது செக் பண்ணப் போறேன்னு சொல்லிட்டு இருந்தேன்."

எனக்குச் சொல்ல இருந்ததை எல்லாம் அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது.

"எங்கிட்ட மொதல்ல சொல்லிருக்கலாம்லா," என்றார். பிறகு ஏற ஆரம்பித்தார்.

மேலே போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நேப்பாளிப் பையன் என்னுடைய வாக்கி டாக்கியோடு கீழே வந்து நின்று, செக், செக் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அண்ணாந்து பார்த்தபடி இருந்தேன். பாதியில் ஒரு தட்டில் ரமீஸ் நின்று மூச்சு வாங்கினார். கீழே பார்க்கவில்லை. மறுபடி ஏறினார்.